ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைக் கோட்டைவிட்டது எப்படி? ஒரு வல்லரசின் சரிவு, டெல்டாவிலிருந்து பார்த்தால்

1781 அக்டோபர் 21. ஆங்கிலேயப் படை நாகப்பட்டினத்தை முற்றுகையிடத் தொடங்குகிறது. தரையில் ஹெக்டர் மன்றோ, கடலில் அட்மிரல் ஹியூஸ், ஆள் கணக்கு சுமார் நாலாயிரம். உள்ளே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் பக்கம், மைசூரின் ஹைதர் அலி அனுப்பிய ஆட்களையும் சேர்த்தால் ஏறக்குறைய எட்டாயிரம் பேர். அதாவது முற்றுகையிட்டவனைவிட முற்றுகைக்குள் இருந்தவன் இரண்டு மடங்கு. போதாததற்கு அது ஐப்பசி மாதம், நாகை கடற்கரையில் ஐப்பசியில் கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவைப்பது என்ன பாடு என்று இந்தப் பக்கத்து மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழை, காற்று, கடல் எல்லாமே உள்ளே இருந்தவனுக்குச் சாதகம். ஆனாலும் மூன்றே வாரத்தில், நவம்பர் இரண்டாவது வாரத்துக்குள், ஆளுநர் வான் விளிசிங்கன் கோட்டையை ஒப்படைத்துவிட்டார்.

உலகத்தின் முதல் பெரிய பங்குக் கம்பெனியான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு காலத்தில் நன்னம்பிக்கை முனையிலிருந்து நாகசாகி வரை கொடி கட்டிய கம்பெனி, சோழமண்டலக் கரையில் தன் தலைநகரை இப்படி இழந்தது. ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் ஒன்றை ஒதுக்கிவைத்துவிடலாம். நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் உடனே குளச்சல் என்பார்கள். 1741இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அங்கே ஒல்லாந்தரை அடித்தார், அவர்களுடைய தளபதி டி லெனாயைப் பிடித்து, பிறகு தன் படைக்கே பயிற்சியாளராக வைத்துக்கொண்டார், அதெல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டிய விஷயமும்கூட. ஆனால் அந்த அடி விழுந்தது மலபார் மிளகு வியாபாரத்தின் மேல். கம்பெனி அதற்குப் பிறகும் ஐம்பது வருஷத்துக்கு மேல் கடை நடத்தியது. குளச்சலால் ஒல்லாந்து விழுந்தது என்பது கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை. என் கட்சி வேறு. ஒல்லாந்து ஏழையாகி விழவில்லை. விழுகிற நாள் வரை அது பணக்கார நாடுதான். பணம் இருந்த இடம்தான் கோளாறு.

நெல், துணி, செம்பு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) மூலதனத்தோடு தொடங்கியது. தலைநகர் என்று 1619இல் படேவியாவைப் பிடித்தார்கள், அதுதான் இன்றைய ஜகார்த்தா. 1641இல் மலாக்கா, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம், அதே 1658இல் நாகப்பட்டினம், 1663இல் கொச்சி. எல்லாமே போர்த்துகீசியரிடமிருந்து பிடுங்கியவை. மொத்தமே இருபது லட்சம் பேர் இருந்த ஒரு நாட்டின் கம்பெனி செய்த வேலை இது என்பதை நினைத்துப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

நாகப்பட்டினம் அவர்களுக்கு எதற்கு? முதல் காரணம் நெல். இலங்கையில் இருந்த டச்சுக் கோட்டைகளுக்குச் சோறு போட்டதில் தஞ்சாவூர்ச் சீமைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது துணி. ஜாவாவிலும் அதற்குக் கிழக்கே வாசனைப் பொருள் விளைகிற மலுக்குத் தீவுகளிலும் வெள்ளியை நீட்டினால் மட்டும் கிராம்பு, ஜாதிக்காய் கிடைக்காது, அங்கே கேட்டது சோழமண்டலத்துத் துணி. அதனால் கம்பெனி இங்கே உள்ளூர் வணிகர்களைப் பங்கு போட்டு ஒரு கூட்டாகச் சேரவைத்தது, அவர்கள் வழியாக நெசவாளிக்கு முன்பணம் போனது, குறித்த நீளம், குறித்த அகலம், குறித்த சாயத்தில் துணி வந்தது. துணியைக் கப்பலேற்றி கிழக்கே கொண்டுபோய் விற்று, வாசனைப் பொருள் வாங்கி, அதில் ஒரு பங்கை ஐரோப்பாவுக்கும் மீதியை ஆசியாவுக்குள்ளேயும் விற்றார்கள். இன்னொரு பக்கம் நாகசாகியிலிருந்து ஜப்பான் செம்பு இந்தக் கரைக்கு வந்து இறங்கியது. நாகப்பட்டினத்திலேயே அக்கசாலை வைத்துத் தமிழில் ஊர்ப் பெயர் பொறித்துக் காசு அடித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவர வேண்டிய வெள்ளியைக் குறைத்து, ஆசியாவின் ஒரு மூலையில் சம்பாதித்ததை இன்னொரு மூலையில் போட்டுப் புரட்டுகிற இந்தச் சாமர்த்தியம் அன்று வேறு எந்த ஐரோப்பியனுக்கும் இந்த அளவுக்குக் கைவரவில்லை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்க்கணக்கு. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சாவூர்ச் சீமையைப் பிழிந்தெடுத்தபோது, சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான ஜனங்களை இதே கம்பெனி அடிமைகளாக வாங்கி, இலங்கைக்கும் படேவியாவுக்கும் ஏற்றி அனுப்பியது. நாகப்பட்டினம் துறைமுகத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் துணிக்கும் நெல்லுக்கும் பக்கத்தில் மனிதர்களும் இருந்தார்கள்.

நிலம் எப்படி வந்தது என்றால், நாயக்கர் காலத்தில் கிடைத்த உரிமையை 1676இல் தஞ்சையின் முதல் மராட்டிய அரசர் ஏகோஜியும் உறுதிசெய்தார். நாகப்பட்டினத்தோடு புத்தூர், அந்தணப்பேட்டை, மஞ்சக்கொல்லை, அழிஞ்சமங்கலம், சங்கமங்கலம் என்று சுற்றுக் கிராமங்களும் சேர்ந்தன. இந்த ஊர்ப் பெயர்கள் இன்றைக்கும் நாகை பஸ்ஸில் கண்டக்டர் கூவுகிற பெயர்கள்தான்.

கோட்டை வந்தது, வியாபாரம் போனது

1690இல் சோழமண்டலத் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இதற்கு உத்தரவிட்டவர் ஆணையராக வந்த வான் ரீட், மலபார்ச் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதியாகப் பதிப்பித்த அதே ஆள். வடக்கே 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் விழுந்திருந்தது, போரும் பஞ்சமும் அந்தப் பக்கத்து வியாபாரத்தைக் குலைத்திருந்தன. நாகையோ இலங்கைக்குப் பக்கம். மாற்றியதில் தர்க்கம் உண்டு. அதற்காகப் பெருஞ்செலவில் ஒரு கோட்டையும் எழுந்தது. பெயர் 'ஐம்புலன்கள்'. ஐந்து புலனும் இருந்தும் அவர்களுக்கு உறைக்காதது என்னவென்றால், அந்தக் கோட்டை எதைக் காக்க எழுந்ததோ அந்த வியாபாரம் அப்போதே வேறு பக்கம் நகர ஆரம்பித்திருந்தது.

இந்த இடம்தான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பச் சுவாரசியமான இடம். கிழக்குத் தீவுகளில் கம்பெனி செய்தது முழு ஏகபோகம். கிராம்பு மரம் எங்கே வளரலாம், யார் யாருக்கு விற்கலாம், என்ன விலை, எல்லாம் அவர்கள் சொன்னபடி. மற்ற வியாபாரிகளைத் துரத்தியாயிற்று. விளைவித்தவன் கையில் காசு குறைந்தது. அதே ஆளுக்குத்தான் நம் ஊர்த் துணியைக் கூடுதல் விலைக்கு விற்க வேண்டும். அவன் என்ன செய்வான்? பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாவிலும் சுற்றுத் தீவுகளிலும் உள்ளூரிலேயே பருத்தி நெய்து உடுத்துவது கூடியது, சோழமண்டலத் துணியின் விற்பனை இறங்கியது. தன் வாடிக்கையாளரைத் தானே ஏழையாக்கிவிட்டு, அவன் ஏன் கடைக்கு வரவில்லை என்று கணக்கப்பிள்ளையைக் கேட்ட முதலாளி இவர்கள்.

ஐரோப்பாவில் அதே சமயம் இந்தியத் துணிக்குப் பெரிய மவுசு வந்தது உண்மைதான். ஆனால் அந்த மவுசில் பெரிய பங்கு வங்காளத்துக்குப் போனது, அங்கே ஆங்கிலேயன் வேரூன்றிக்கொண்டிருந்தான். மசாலாவோடு சேர்த்து ஆசியாவுக்குள் சுற்றிச் சுற்றிச் சம்பாதிக்கிற டச்சுக்காரனின் பழைய சூத்திரத்துக்கு அந்தச் சந்தையில் வேலை குறைவு.

கம்பெனியின் ஏகபோகத்தில் ஓட்டை போட்டவர்கள் ஆங்கிலேயர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகூர், அது தஞ்சை ராஜாவின் துறைமுகம். நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் மரக்காயர் கப்பல்கள் சுமத்ராவின் அச்சேவுக்கும் மலாயாவின் கெடாவுக்கும் போய்வந்தன. ஒல்லாந்தரின் அனுமதிச் சீட்டு, அபராதம், ரோந்து எதுவும் அவர்களை முழுதாக நிறுத்தவில்லை. லட்சம் லட்சமாய்ப் போட்டுக் கோட்டை கட்டியவனின் வாசலிலேயே, கோட்டையே இல்லாத ஒரு துறைமுகம் அவன் வியாபாரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

கம்பெனி ஊழியர்களின் சொந்த வியாபாரத்தையும் சொல்ல வேண்டும். சம்பளம் சொற்பம், வாய்ப்பு ஏராளம், ஆளுநரிலிருந்து கீழே வரை தன் சரக்கைக் கம்பெனிக் கப்பலிலேயே ஏற்றினார்கள். ஊழல்தான் கம்பெனியை விழுங்கியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் அதற்கு அவ்வளவு எடை கொடுக்க மாட்டேன், ஏனென்றால் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்கள் சென்னையிலும் கல்கத்தாவிலும் அடித்த கொள்ளை இதைவிடக் குறைவில்லை, அவர்கள் விழவில்லையே.

பணம் போன இடம்

இப்போது ஆம்ஸ்டர்டாம் பக்கம் போவோம். 1602இல் திரட்டிய அந்த 64 லட்சத்துச் சொச்சம் மூலதனத்தைக் கம்பெனி கடைசிவரை பெரிதாக உயர்த்தவே இல்லை. வியாபாரம் விரிய விரியப் புதிய பங்கு வெளியிடாமல், குறுகிய காலக் கடன் வாங்கிச் சமாளித்தார்கள். கப்பல்கள் திரும்பி வரும், ஏலம் நடக்கும், கடனை அடைப்பார்கள், மறுபடி வாங்குவார்கள். கப்பல் வருகிறவரை இது அருமையான ஏற்பாடு. இதற்கு நடுவில் பங்குக்காரர்களுக்கு லாபப் பங்கு தாராளமாகப் போனது, பதினெட்டாம் நூற்றாண்டில் லாபத்தை மிஞ்சிக்கூடப் பல வருஷம் கொடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு 1733 வாக்கில் படேவியாவில் மலேரியா பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்து இறங்குகிற ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், ஆள் பிடிக்கிற செலவும் ஏறியது.

நாட்டின் நிலைமையும் இதே ரகம். 1672இல் இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து தாக்கியபோதே ஒல்லாந்து உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். பிறகு பிரான்சோடு நாற்பது வருஷம் விட்டு விட்டுப் போர். 1689இல் அவர்களுடைய மூன்றாம் வில்லியமே இங்கிலாந்துக்கும் ராஜாவானார், இரண்டு நாடும் கூட்டாளிகள் ஆயின, வேலையையும் பிரித்துக்கொண்டார்கள்: தரைப் படையில் ஒல்லாந்தின் பங்கு கனம், கடற்படையில் இங்கிலாந்தின் பங்கு கனம். 1713இல் போர் முடிந்தபோது ஒல்லாந்து மாகாணத்தின் வரி வருவாயில் பெரும்பகுதி கடன் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. கப்பல் கட்டக் காசில்லை என்று அரசு கையை விரித்தது.

ஆனால் தனியார் கையில் பணம் குவிந்து கிடந்தது. உள்ளூரில் வட்டி இரண்டரை, மூன்று சதவீதம், அவ்வளவுதான். லண்டனில் கொஞ்சம் கூடுதல். ஆங்கில அரசு வாங்கிய கடன் பத்திரங்களில் வெளிநாட்டார் கையில் இருந்தவற்றைப் பார்த்தால் ஒல்லாந்தர்தான் முன்னணியில். லண்டன் அந்தக் கடனை வைத்துத்தான் போர் நடத்தியது, கப்பல் கட்டியது. நம் பக்கம் பழைய மிராசுதார் குடும்பங்கள் சிலதில் பார்த்திருப்பீர்கள், வட்டிக்குக் கொடுத்த பணம் ஊர் முழுக்க இருக்கும், கடன் வாங்கிய பக்கத்து ஊர்க்காரன் அதில் போர்செட் போட்டு விளைவித்துக்கொண்டிருப்பான், இவர்கள் வாய்க்கால் கரை உடைந்து கிடக்கும். ஆம்ஸ்டர்டாம்காரர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஒவ்வொருவரும் தன் பணத்துக்கு நல்ல வட்டி எங்கே என்று பார்த்தார், அதில் ஒரு தப்பும் இல்லை. எல்லோரும் சேர்ந்து செய்தபோது, எதிராளியின் பீரங்கிக்கு முதல் போட்டவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒரு ஒத்திகை: நாகூர், 1773

1781க்கு எட்டு வருஷம் முன்பே விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, பார்க்க வேண்டியவர்கள்தான் பார்க்கவில்லை. ஆற்காடு நவாபிடமும் ஆங்கிலேயரிடமும் மாட்டிக்கொண்டு பணத்துக்குத் திண்டாடிய தஞ்சை ராஜா துளஜா, 1773இல் நாகூரை ஒல்லாந்தருக்கு விற்றார். நூறு வருஷமாகக் கண்ணை உறுத்திய துறைமுகம், கையில் வந்துவிட்டது, பணமும் கொடுத்தாயிற்று. நவாப் 'விற்க அவன் யார்' என்றார், ஆங்கிலப் படை கிளம்பியது, அதே வருஷம் தஞ்சாவூரும் விழுந்தது. ஒல்லாந்தர் சண்டை போடாமலே நாகூரை விட்டுக்கொடுத்தார்கள். மூன்றே வருஷத்தில் பதவிக்குத் திரும்பிய துளஜாவிடமிருந்து நாகூரும் 277 கிராமங்களும் ஆங்கிலேயர் கைக்கே போயின.

இதைத்தான் நான் உண்மையான வீழ்ச்சி நாளாக எடுத்துக்கொள்வேன். அன்று கோட்டை இருந்தது, கொடி பறந்தது, கஜானாவும் காலியில்லை. 'இது நான் வாங்கிய ஊர்' என்று சொல்லி நிற்க மட்டும் முடியவில்லை.

போர்

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்துக்கு எதிராகக் கிளம்பியபோது ஒல்லாந்து வணிகர்கள் கரீபியனில் செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவு வழியாக அவர்களுக்கு வெடிமருந்து விற்றுக் கொழுத்தார்கள். இங்கிலாந்து பொறுத்துப் பார்த்துவிட்டு 1780 டிசம்பரில் போர் அறிவித்தது. அந்த நேரத்தில் ஒல்லாந்தின் கையில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் இருபது சொச்சம், எதிரியிடம் நூறுக்கு மேல். 1781 பிப்ரவரியில் அந்தத் தீவே போனது. ஆகஸ்டில் வட கடலில் ஒரு சண்டை சமமாக முடிந்ததை வெற்றி என்று கொண்டாடினார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். சரக்கோடு திரும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கப்பல்கள் சிலவற்றை நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்திலேயே ஆங்கிலேயர் பிடித்தார்கள். கப்பல் வராவிட்டால் ஏலம் இல்லை, ஏலம் இல்லாவிட்டால் கடன் அடையாது. கம்பெனி அரசிடம் கையேந்தியது, ஆம்ஸ்டர்டாம் வங்கியும் சத்தமில்லாமல் அள்ளிக் கொடுத்தது, பத்து வருஷம் கழித்து அந்த வங்கியின் பெயரும் இதனாலேயே கெட்டது.

இங்கே நாகப்பட்டினத்தில் தனியாக நிற்க முடியாத வான் விளிசிங்கன் ஹைதர் அலியோடு கைகோத்தார். ராணுவக் கணக்கில் வேறு வழியே இல்லை, ஹைதர் அன்று தெற்கில் ஆங்கிலேயரோடு போரில் இருந்தார். ஆனால் அதே 1781இல் டெல்டாவில் ஹைதரின் படை செய்தது என்ன? ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பயிர் வைக்க ஆளில்லாமல் வயல்கள் தரிசாயின. ஹைதர் கலாபம் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டது அதைத்தான். எந்த நெல்லுக்காகவும் துணிக்காகவும் ஒல்லாந்தர் இந்த ஊருக்கு வந்தார்களோ, அந்த நெல்லையும் தறியையும் அழித்துக்கொண்டிருந்தவர்தான் கோட்டைக்குள் அவர்களுக்குக் காவல். எட்டாயிரம் பேர் உள்ளே இருந்தும் மூன்று வாரத்தில் விழுந்ததற்கு இதில் பாதி விடை இருக்கிறது. யாருக்காக எதைக் காப்பது என்பது உள்ளே இருந்த யாருக்கும் தெளிவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய் கொஞ்சம், சம்பளத்துக்கு வந்த நாட்டுச் சிப்பாய் நிறைய, ஹைதரின் ஆட்களுக்கோ தங்கள் சண்டை வேறு. உதவிக்கு வர வேண்டிய கப்பற்படை என்று ஒன்று இல்லவே இல்லை.

அடுத்த காட்சி இன்னும் மோசம். 1782 ஜூலை 6, நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பெரிய சண்டை. ஒரு பக்கம் ஹியூஸ், இன்னொரு பக்கம் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரன், இழந்த நாகையைத் திரும்பப் பிடிக்க வந்தவர். தொண்ணூறு வருஷம் ஒல்லாந்தரின் தலைமையிடமாக இருந்த ஊர் யாருக்கு என்று தீர்மானிக்கிற அந்தச் சண்டையில் ஒல்லாந்துக் கடற்படையின் அணி என்று ஒன்று இல்லை. இலங்கையில் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டதும் சஃப்ரன்தான்.

இதே போரில் வடக்கே ஒரு நாள் நடையில் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் எந்தக் கட்சியிலும் சேராமல் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை போடுகிறவன் கொடியோடு சரக்கு அனுப்ப முடியாதபோது எல்லோருக்கும் டேனிஷ் கொடி தேவைப்பட்டது, அந்தச் சில வருஷங்கள்தான் அவர்களுடைய ஆசிய வியாபாரத்தின் பொற்காலம். சின்ன நாடு என்பது ஒல்லாந்தின் பிரச்சினை இல்லை என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். தன் பலத்துக்குத் தக்க அளவில் இருந்தவனுக்கு ஆபத்து குறைவு. நூறு வருஷத்துக்கு முந்தைய பலத்தை நம்பி நாலு கடலிலும் கோட்டை வைத்திருந்தவன்தான் மாட்டினான்.

1784இல் பாரிஸ் ஒப்பந்தம். போரில் பறிகொடுத்த மற்ற இடங்களில் பலவும் திரும்பக் கிடைத்தன, நாகப்பட்டினம் கிடைக்கவில்லை. கூடவே, கிழக்குக் கடல்களில் ஆங்கிலக் கப்பல்கள் தடையில்லாமல் போய்வரலாம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள், ஏகபோகம் அந்த வரியோடு முடிந்தது. 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்தது, அவர்களுடைய தலைவர் ஐந்தாம் வில்லியம் ஓடிப்போய் அடைக்கலம் தேடியது வேறு எங்குமில்லை, இங்கிலாந்தில். அங்கிருந்தபடியே, குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படையுங்கள் என்று தன் அதிகாரிகளுக்கு எழுதினார். மலாக்கா, நன்னம்பிக்கை முனை, கொழும்பு எல்லாம் 1796 பிப்ரவரிக்குள் கைமாறின. கம்பெனியின் உரிமப் பட்டயம் 1799 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியானது. அதே 1799இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டத்துக்குத் தலைநகரானது. மிச்சமிருந்த பழவேற்காடு போன்ற சில இடங்களையும் 1824 ஒப்பந்தத்தின்படி எழுதிக் கொடுத்துவிட்டு ஒல்லாந்தர் இந்தியாவைவிட்டே போனார்கள், ஆம்ஸ்டர்டாம்காரர்கள் லண்டனில் போட்ட பணத்துக்கான வட்டி மட்டும் அந்த நடுப்பட்ட வருஷங்களிலும் பலருக்கு வந்துகொண்டுதான் இருந்தது.